கோடு போட்ட மரங்கள்

நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்போது முழங்கால் வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. யாரும் நடந்து போய்ச் சரிபார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். சரிபார்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகும் சாலை அப்போது ஒரு பஸ் போகும் அகலம்தான். எதிரில் லாரி வந்தால் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கம். நான் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். என் அப்பா லாரிக்கு பாடி கட்டும் ஒரு கம்பெனியில் பெயிண்டர். ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர் டிபன் கேரியரைத் திறக்காமலே திரும்பி வந்தார். கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்றார். லாக்-அவுட் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றுதான்.

முதல் சில நாட்கள் சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்தார். பிறகு கூட்டமும் குறைந்தது. அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து ஊராருக்கு ஜாக்கெட் தைத்தாள், வீடு அதில் ஓடியது. அப்பாவுக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஆட்டுக்கொட்டகையில் பெயிண்ட் டின்கள் இருந்தன. கம்பெனியில் டின் அடியில் மிஞ்சுவதைப் பெயிண்டர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவர் கதவுக்கு அடித்தார், ஜன்னலுக்கு அடித்தார், கட்டில் காலுக்கும் கிணற்று ராட்டினத்துக்கும் ஆடு கட்டும் முளைக்கும் அடித்தார். அம்மா மெஷினைக் கையால் மறைத்துக்கொண்டு, "இதுமேல பிரஷ்ஷ வெச்சே, பாரு" என்றாள். வீட்டில் அடிக்க எதுவும் மிச்சமில்லாததால் அப்பா வெளியே போனார்.

கொட்டகைக் கூரைக்காகச் சேர்த்து வைத்திருந்த தகரத் துண்டுகளில் ஒன்றையும், அம்மாவின் ஸ்டூலையும், லாரிக்குப் பூக்கோடு இழுக்கும் மெல்லிய பிரஷ்களையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தார். முதலில் வரைந்தது ஒரு பனைமரம். அது தலைகீழாக நிறுத்திய துடைப்பம் போல இருந்தது. அவரே சிரித்துவிட்டு, கெரசின் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார்.

பரீட்சை முடிந்து கோடை லீவு விட்டதும் நானும் கூடப் போக ஆரம்பித்தேன். அவர் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. வெயிலில் டர்பன்டைன் வாசனை தலைக்கு ஏறும். அந்த வாசனைக்காகத்தான் போனேன் என்று நினைக்கிறேன். லாரிச் சிவப்பு, மஞ்சள், காப்பிக்கொட்டை நிறம், ஆகாய நீலம், வெள்ளை, கறுப்பு, இவ்வளவுதான் அவரிடம் இருந்தன. பச்சை டின் கிடையாது. அவர் கம்பெனியில் யாரும் பச்சை லாரி கேட்டதில்லையாம். மஞ்சளையும் நீலத்தையும் கொட்டாங்குச்சியில் குழைத்து மரத்துக்கு ஒரு பச்சை செய்வார். வேம்புக்குச் செய்த பச்சை நாவலுக்கு ஆகாது. எனாமல் காய ஒரு நாள் ஆகும். அதற்குள் புழுதி ஒட்டும், எறும்பு ஏறி மாட்டிக்கொள்ளும், காற்றில் வந்த சருகு ஒட்டிக்கொள்ளும். அவர் எதையும் எடுத்துப் போட மாட்டார்.

மரம் மட்டுமில்லை. பம்புசெட்டு ரூம், துவைக்கிற கல், பஸ் நிற்கும் இடத்துக் கைகாட்டி, புடவை காயும் வேலி. ஊரில் எல்லாரும் தினம் பார்ப்பதையே வரைந்தார். பார்த்தவர்கள், "இத வரைய இன்னா கீது?" என்று கேட்டார்கள்.

சாலை மரங்களுக்கு வெள்ளைப் பட்டை அடித்து, அதில் கறுப்பில் நம்பர் எழுதியிருக்கும், நினைவிருக்கிறதா? அந்தக் கோடையில் சில மரங்களில் நம்பருக்குக் கீழே செங்கல் நிறத்தில் ஒரு கோடு வந்தது. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், கோடு போட்டது வெட்டுவதற்கு என்று ரோடு வேலை செய்யும் ஆள் ஒருவர் அப்பாவிடம் சொன்னார். அகலப்படுத்தும் பேச்சு ஊரில் பல வருஷங்களாக உண்டு, யாரும் நம்புவதில்லை. அப்பா நம்பினார். கோடு போட்ட மரங்களை முதலில் வரைய ஆரம்பித்தார். இதில் மர்மம் ஏதுமில்லை. இல்லாமல் போகிறதை முதலில் வரைய வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்து வளைவில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தை வரைந்தார். சில நாளில் வெட்டினார்கள். மதகுப் பக்கத்து நாவலை வரைந்தார். அதையும் வெட்டினார்கள். பிறகு பெரியப்பாவின் கடை வேம்புக்கு வந்தார்.

பெரியப்பா என்றால் அப்பாவின் சொந்த அண்ணன். பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தார். எதிர்ப்பக்கம் இன்னொரு டீக்கடை, ஒரு அக்கா நடத்தியது. அவர் கணவர் லாரியில் கிளீனராகப் போனவர், வருஷங்களாகத் திரும்பவில்லை. பெரியப்பா கடைக்கு ஒரு வேம்பு நிழல். அக்கா கடைக்கு ஒரு பெரிய புளியமரம். நிழல் இருக்கிற இடத்தில்தான் லாரி நிற்கும், லாரி நிற்கிற இடத்தில்தான் டீ விற்கும்.

அப்பா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததும் பெரியப்பா கடையை விட்டு இறங்கி வந்தார்.

"டேய், இந்த மரத்த வுட்டுடு."

"கோடு போட்டுட்டாங்கண்ணா. வெட்டத்தான் போறாங்க."

"பத்து வருஷமா வெட்றேன் வெட்றேன்னாங்க. நீ பிரஷ்ஷ எடுத்தப்பறம்தாண்டா வெட்றான்."

அப்பா வரைந்தார். வேம்பு பூத்திருந்த சமயம் அது. அடுத்த வாரம் வெட்டியபோது சாலை முழுக்கப் பூ கொட்டிக் கிடந்தது, வாசனை இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் முதல் பெரியப்பா கடையில் வெயில் நேராக இறங்கியது. கண்ணாடி பாட்டிலில் ஆரஞ்சு மிட்டாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பெஞ்சில் யாராலும் உட்கார முடியவில்லை. அங்கே குடித்தவர்கள் சாலையைக் கடந்து புளியமரத்தடிக்குப் போனார்கள்.

நான் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன்: "அப்பா வரைஞ்சதால இல்ல பெரியப்பா. கோடு போட்டதத்தான் வெட்றாங்க."

"கோடு போட்டது யாரு?" என்றார். "இந்த ஊர்ல பெயிண்டு டப்பா தூக்கினு சுத்தறது யாரு?"

அதற்கும் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வாரமே ஒரு கோடை மழையில் ஏரிக்கரைப் பனை மீது இடி விழுந்தது. முதல் முதலாக வரைந்த பனை. அதில் நம்பருமில்லை, கோடுமில்லை. தலை கருகி நின்ற அந்தப் பனையோடு என் வாதமும் முடிந்தது.

அதன் பிறகு ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அவர் வரைந்தால் அது போய்விடும். உபதேசியார் வந்து, "மாதா கோயில மட்டும் வரைஞ்சிடாதப்பா" என்று பணிவாகவே கேட்டுக்கொண்டார். தென்னந்தோப்புக்காரர் நாலு இளநீரோடு வந்தார். இன்னொருவர் ரகசியமாக வந்து, பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து தன் வீட்டுக்குக் கம்பளிப்பூச்சி வருகிறது, அதை ஒருமுறை வரைய முடியுமா என்று கேட்டார். அம்மாவிடம் ஜாக்கெட் தைக்க வந்த ஒரு பெண், அளவு கொடுத்துவிட்டு அப்பாவிடம் திரும்பி, "எங்கூட்டு ஆள ஒரு தபா வரைஞ்சிடுண்ணா. சைடுல இருந்து வரைஞ்சாக்கூட போதும்" என்றாள். அம்மா அந்தக் கோடையில் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. அப்பா தகரத்தோடு நடந்தால் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பி நின்றார்கள். அம்மா மாதா கோயில் தீர்த்தத்தை அவர் படுக்கையில் தெளித்தாள். பக்கத்து வீட்டு அம்மா வல்லக்கோட்டை விபூதி கொண்டு வந்தாள், அதையும் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். அப்பா நிறுத்தவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத இடமாகப் பார்த்து, கல்லாங்குத்தும் முள்ளுச்செடியும் வரைந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் டீக்கடை அக்கா அவரை வழியில் நிறுத்தினார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காத. எம்மரத்த மட்டும் வரையாத. அது போச்சுன்னா கடை போச்சு. ரெண்டு புள்ளைங்க கீது."

"அதுக்குக் கோடு போடலம்மா. அது எங்கயும் போவாது."

"கோடு கீதோ இல்லியோ. நீ வரையாத."

"சரிம்மா, வரையல."

அந்தச் சாலையிலேயே பெரிய மரம் அது. பெயிண்டோடு அதைக் கடக்கும்போதெல்லாம் அப்பா தலையைக் குனிந்துகொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

சில நாள் கழித்து, விடிந்ததும் விடியாததுமாக அக்கா எங்கள் வாசலில் நின்று கத்தினார். கையில் டீ வடிகட்டி அப்படியே இருந்தது. "வரைய மாட்டேன்னு சொல்லிட்டு கோடு போட்டுட்டியேண்ணா! எம்புள்ளைங்க உனக்கு இன்னா பண்ணுச்சு?"

அப்பா சட்டை போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். புளியமரத்தில் நம்பருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு, பளபளவென்று. அப்பா விரலை வைத்தார், விரலில் ஒட்டியது. மற்ற மரங்களில் இருந்தது மங்கலான செங்கல் நிறம். இது லாரிச் சிவப்பு. அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து ஆட்டுக்கொட்டகைக்குள் போனார். சிவப்பு டின்னின் மூடி திறந்து கிடந்தது. எங்கள் கொட்டகைக்கு இரண்டு பக்கம்தான் வழி. ஒன்று எங்கள் வாசல், இன்னொன்று பெரியப்பா வீட்டுப் பின்கட்டு.

கெரசினும் துணியும் எடுத்துக்கொண்டு போய், எல்லாரும் பார்க்க அந்தக் கோட்டைத் துடைத்தார். பட்டையின் வெடிப்புகளுக்குள் இறங்கிய சிவப்பு போகவில்லை. மதியம் ரோடு இன்ஸ்பெக்டர் மரம் வெட்டுகிற ஆட்களோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்து ஜீப்பை விட்டு இறங்கினார்.

"யாருய்யா இதை அழிச்சது?"

"நான்தாங்க."

"கவர்மெண்ட் மார்க்க அழிக்க நீ யாரு?"

"அது உங்க மார்க் இல்லீங்க. எம் பெயிண்டு."

"அப்போ நீதான் போட்டியா?"

அப்பா கையிலிருந்த கெரசின் துணியை மடித்தார். கூட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்க்கடையில் பெரியப்பா டீயை மேலிருந்து கீழே நீளமாக ஆற்றிக்கொண்டிருந்தார், குடிக்க ஆள் இல்லாமலே.

இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். "இந்தப் பக்கம் ஒரு மரத்து மேலயும் கை வைக்கப் போறதில்ல. அகலம் பண்றது அந்தப் பக்கம் மட்டும்தான். இதுவரைக்கும் வெட்டுன மரமெல்லாம் எந்தப் பக்கம்? கண்ணு இல்லியா உங்களுக்கு?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அடிக்கட்டைகள் அத்தனையும் பெரியப்பா கடைப் பக்கத்திலேயே வரிசையாக இருந்தன. தினமும் அந்த வழியில் நடந்தவர்கள் நாங்கள். ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. அப்பாவுக்கும்தான். மரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாரே தவிர, சாலையைப் பார்க்கவில்லை.

மரத்துக்கு ஆபத்தில்லை என்று ஆனது. ஆனால் அண்ணன் கடைக்காகத் தம்பி கோடு போட்டான் என்று பேச்சு நிலைத்துவிட்டது. பெரியப்பாவை எல்லாரும் பாவம் என்றார்கள். அன்று சாயங்காலம் அவர் கடையில் கொஞ்சம் வியாபாரம்கூட நடந்தது.

அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "டப்பாவத் தொறந்தது யாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்றதுதானே!"

"சொன்னா அந்தக் கடையாண்ட எவன் போவான்? மூணு பொண்ணுங்கள வெச்சிகினு கீறாரு."

"எனக்கும் ஒரு பொண்ணு கீது" என்றாள் அம்மா.

அவர் பிரஷ்களைக் கெரசினில் கழுவி, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்தார். எனக்கு அப்போது அப்பா மேல்தான் கோபம். பெரியப்பாவைக் கெட்டவர் என்று வைத்துக்கொண்டேன், அப்பாவைக் கோழை என்று வைத்துக்கொண்டேன். பதினோரு வயதில் அது போதுமாக இருந்தது. பெரியப்பாவும் வெயிலில் காலியாகக் கிடக்கும் பெஞ்சைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். கோடு போட்டால் பழி தம்பி மேல் விழும் என்பதை அவர் யோசித்தாரா, யோசித்தும் போட்டாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணா, நாளைக்குக் கடையாண்ட வா. எம்மரத்த வரை."

"வேணாம்மா. நான் வுட்டுட்டேன்."

"உங்கண்ணன் எம்மூஞ்சிக்கு நேராதான் கிளாஸ் கழுவறாரு. நகக்கண்ணுல செவப்பு. சோப்பு போட்டா எனாமலு போவுமா? ஊரே அந்தக் கையால டீ வாங்கிக் குடிக்குது, ஒருத்தன் பாக்கல."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யாராண்டயும் சொல்லப் போறதில்ல. எதிர்த்தாப்புல கடை வெச்சிப் பொழைக்கணும் எனக்கு. ஆனா உன்ன வாசல்ல வந்து கத்திட்டேன். அதுக்கு நீ வரையணும். எல்லாரும் பாக்க வரையணும்."

"உனக்கு பயமா இல்லியா?"

"கீது" என்றார் அக்கா. "அதுக்காவ?"

மறுநாள் காலை அப்பா கொட்டகையில் இருந்ததிலேயே பெரிய தகரத்தை எடுத்தார். புளியமரம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் எதிர்ப்பக்கம்தான் உட்கார வேண்டும். வெட்டிய வேம்பின் அடிக்கட்டை மேல் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் பெரியப்பா கடை. கூட்டம் இரண்டு பக்கமும் நின்றது. பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவர்களும் உண்டு. தண்டின் முறுக்கு, கீழே பழுப்புக் கீற்றுக் கூரை, கரி பிடித்த பாய்லர், புகை. புளிய இலையை ஒவ்வொன்றாகப் போட முடியாது. அவர் பிரஷ்ஷைக் காய்ந்தும் காயாததுமாக வைத்துத் தட்டித் தட்டிப் போட்டார். மேலே மஞ்சள் தூக்கலாக, கீழே நீலம் தூக்கலாக. எதிரே மரத்தடி நிழலில் வெளிச்சம் காசு காசாக விழுந்திருந்தது. அதற்கு வெள்ளையில் துளி மஞ்சள். பட்டை வெடிப்பில் தங்கிவிட்ட அந்தச் சிவப்பையும் விடவில்லை. நிஜப் புளிய இலைகள் பறந்து வந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டன.

மதியம் வெளியூர் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவருக்கு எதுவும் தெரியாது. இறங்கி டீ குடித்துவிட்டு, "அண்ணாச்சி, என்னையும் படத்துல போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் நீட்டிப் படுத்தார். கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். அப்பா பிரஷ்ஷை நிறுத்தி அக்காவைப் பார்த்தார். அக்கா, "போடுண்ணா" என்றார். டிரைவர் குறட்டை விட்டுத் தூங்க, அப்பா அவரையும் போட்டார், தொங்கிய ஒரு கை உட்பட.

அன்று முழுவதும் பெரியப்பா வெளியே வரவில்லை. பின்னால் கிளாஸ் கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கழுவ அத்தனை கிளாஸ் இருந்திருக்க முடியாது.

புளியமரம் மறுநாளும் நின்றது, அதற்கடுத்த நாளும் நின்றது. அடுத்த வாரம் அதே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது ஊரில் பாதிப் பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். ஒரு கிழவர் தொட்டே பார்த்தார். டிரைவருக்குக் காரணம் கடைசி வரை புரியவில்லை. அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது. அப்பா வரைந்தால் எதுவும் போகாது என்று தெரிந்த பிறகு, அவர் வரைவதில் யாருக்கும் அக்கறையும் இல்லாமல் போனது.

படங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அந்த மழைக்காலத்துக்கு முன்னால் அம்மா தகரங்களை எல்லாம் ஆட்டுக்கொட்டகைக் கூரைக்கு அடித்துவிட்டாள், படம் உள்பக்கமாக. ஆடுகளுக்குக் கொஞ்ச காலம் தூங்குமூஞ்சியும் நாவலும் வேம்பும் தெரிந்திருக்கும். பிறகு துரு. புளியமரப் படம் அக்கா கடையில் பாய்லருக்கு மேல் மாட்டியிருந்தது. நான் கல்யாணமாகிக் குன்றத்தூருக்குப் போகும்போது அது புகையில் கறுத்து ஒரு பலகை மாதிரிதான் இருந்தது. பிற்பாடு கம்பெனிகள் வந்து சாலை எட்டு வண்டி அகலத்துக்கு விரிந்தபோது இரண்டு பக்கமும் போயிற்று. அப்பா மறுபடி வரையவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வேலை இருந்திச்சே" என்றார். அவர் வருத்தப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

லாக்-அவுட் முடிந்து அப்பாவின் கம்பெனி திறந்த நாள் காலையில் நானும் பஸ் நிற்கும் இடம் வரை போனேன். எனக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தது. அண்ணனும் தம்பியும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அப்பா நேராக அக்கா கடைக்குப் போய் ஒரு டீ குடித்தார். கிளாஸை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து பெரியப்பா கடை முன்னால் போய் நின்றார்.

பெரியப்பா நிமிராமல் கேட்டார். "அங்க குடிச்சிட்டல்ல?"

"குடிச்சிட்டேன்."

"அப்பறம் இன்னா?"

"இங்க ஒண்ணு போடுண்ணா."

கம்பெனி பஸ் வளைவில் திரும்பி ஹாரன் அடித்தது. பெரியப்பா டீயை ஒரு முறைக்கு இரு முறை ஆற்றி, இன்னும் ஒரு முறை ஆற்றி, கிளாஸை அப்பா கையில் கொடுத்துவிட்டு, சாலைக்கு இறங்கிக் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்திக்கொண்டு நின்றார். அப்பா அவசரப்படாமல் குடித்தார்.